பூனைக்கு டெட்டால் குளியல் வேண்டாம்

பூனையின் படர்தாமரைக்கு டெட்டால் தண்ணீரில் குளிப்பாட்டினால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள ‘குளோரோசைலினால்’ என்ற கிருமிநாசினி, ஃபீனால் வகை வேதிப்பொருள். பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது. பூனை உடம்பை நக்கியே அதை வயிற்றுக்குள் அனுப்பிவிடும்.

காது ஓரத்திலோ முன்னங்காலிலோ முடி கட்டையாக ஒடிந்து, சாம்பல் பொருக்கோடு வட்டத் திட்டு தெரிந்தால் படர்தாமரை என்று சந்தேகப்படலாம். ஆனால் சொறியும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். சென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே? முடியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து தேவைப்பட்டால் எடை பார்த்து அளவு சொல்வார்கள். திட்டில் முடி முளைத்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், வாரக்கணக்கில் இழுக்கும். அப்புறம், இது குழந்தைகளுக்கும் ஒட்டும். பூனை படுக்கும் துணியைத் தனியாகத் துவையுங்கள்.