பக்கத்தில்தானே, போய்வந்தால் என்ன?

காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. பதினான்கு, எட்டு, மூன்று வயதில் இருக்கும் என் மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக ஓர் இடம்தான் இல்லை.

திருமயம் என்றால் நடுவிலவன் குதிக்கிறான். 1687இல் கட்டிய கோட்டை, உச்சியில் பீரங்கி, வேறென்ன வேண்டும் அவனுக்கு! பாதிப் படியிலேயே சின்னவள் இரண்டு கையையும் தூக்கிவிடுகிறாள். அதற்குமேல் அவளைச் சுமப்பது என் தலையெழுத்து. மூத்தவள் கீழேயே நிழல் பார்த்து உட்கார்ந்து போனுக்குள் போய்விடுகிறாள்.

அவளுக்கு உயிர் வருவது ஆத்தங்குடியில்தான். கண்ணாடிமேல் அச்சை வைத்து, கட்டங்களுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்கி, மேலே மணலும் சிமென்ட்டும் இட்டுத் தரையில் பதிக்கும் கல் செய்வதை வாய்பிளந்து பார்க்கிறாள். அந்த நேரத்தில் சின்னவளின் ஐந்து விரலும் சிவப்புக் கலவைக்குள்! “இது எப்போது காயும், எப்போது கிளம்பலாம்?” என்று நடுவிலவன் என் முந்தானையை இழுக்கிறான். கல்லைத் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறவைப்பார்கள் என்பதை அவனிடம் யார் சொல்வது?

சரி, பிள்ளையார்பட்டியாவது போகலாமென்றால், மூவரையும் கிளப்பிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மதிய நடை சாத்திவிடுகிறார்கள். மறுபடி திறக்கும்வரை ஐஸ் கேட்டு ஒன்று, கழிப்பறை கேட்டு ஒன்று, வீடு கேட்டு ஒன்று.

இதற்கிடையில் மாமியாரின் போன் வேறு. “பக்கத்தில்தானே போனீர்கள், இன்னுமா வரவில்லை?”