மொட்டைத் தலையும் முழங்காலும்

அந்த 40 விநாடி வீடியோவை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், தயவுசெய்து. ஆய்வு மாணவிகள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசிய கூட்டம் அது, கேள்வி கேட்ட பெரியவரின் ஜோக்குதான் வீடியோ. நானும் அந்த அறையில்தான் இருந்தேன். முன்வரிசையில் இடது ஓரமாகத் தெரிகிற பின்மண்டை என்னுடையது. அதைப் பார்த்துத்தான் அந்தப் பெரியவருக்குப் பழமொழியே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

என்ன நடந்தது என்று மறுபடி விவரிக்கப் போவதில்லை. முடிச்சுக் கோட்பாட்டில் (முடிச்சுகளை வகைப்படுத்துகிற கணிதம்) ஆய்வு செய்கிற என் மாணவியிடம் அந்தப் பெரியவர் கேட்டது: "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட எதுக்கும்மா நாலு வருஷம்?" நல்ல ஜோக்தான், ஒத்துக்கொள்கிறேன். வேறு இடத்தில் கேட்டிருந்தால் நானே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. "இதனால் என்ன பயன்?" என்று கேட்பது தப்பில்லை. கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். கேள்விக்கும் சிரிப்புக்கும் நடுவே ஒரு மூச்சு விடக்கூட இடம் இல்லை.

காத்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள். நாலாவது ஸ்லைடிலேயே இருந்தது. 1867இல் இயற்பியலாளர் கெல்வின், அணுக்கள் எல்லாம் ஈதரில் (வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அன்று நம்பிய ஊடகம்) சுழல்கிற முடிச்சுகள் என்று நினைத்தார். அப்படியானால் எத்தனை வகை முடிச்சு உண்டோ அத்தனை வகை அணு. பீட்டர் டெய்ட் என்பவர் உட்கார்ந்து முடிச்சுகளைப் பட்டியல் போட ஆரம்பித்தார். பிறகு ஈதரே இல்லை என்றாகிவிட்டது. பட்டியல் மட்டும் மிஞ்சியது. அதாவது, இந்தத் துறை பிறந்ததே ஒரு 'பயன்பாட்டில்'தான். பயன் செத்தது, கணிதம் பிழைத்துக்கொண்டது. 1984இல் வான் ஜோன்ஸ் என்ற கணிதவியலாளர், முடிச்சுக்குச் சம்பந்தமே இல்லாத இயற்கணிதம் ஒன்றில் மூழ்கியிருந்தபோது, முடிச்சுகளைப் பிரித்தறியும் ஒரு பல்லுறுப்புக்கோவை அவர் கையில் சிக்கியது. அதன் பிறகுதான் இந்தத் துறைக்கே மறுபிறவி. இன்று டிஎன்ஏ இழைகளை நொதிகள் வெட்டி ஒட்டுவதை ஆராய்கிறவர்களும் இந்தக் கணக்கைத் தேடி வருகிறார்கள்.

"அப்புறம் என்ன, பயன் இருக்கிறதே!" என்று சந்தோஷப்படாதீர்கள். என் மாணவியின் ஆய்வுக்கும் டிஎன்ஏவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடைசி ஸ்லைடில் 'பயன்பாடுகள்' என்று போட்டு அதில் டிஎன்ஏ படம் ஒட்டச் சொன்னது நான். கைடு என்ற முறையில் நான் கற்றுக்கொடுத்த முதல் பொய் அது. எல்லாரும் செய்கிறோம். எண் கோட்பாடு என்றால் கடைசியில் மறைகுறியாக்கம் என்று ஒரு வரி. வடிவியல் என்றால் செயற்கை நுண்ணறிவு என்று ஒரு வரி. 1940இல் கணிதவியலாளர் ஹார்டி, எண் கோட்பாட்டால் போருக்கு ஒரு பயனும் இல்லை என்று பெருமைப்பட்டார், 1977இல் அதை வைத்தே ஆர்எஸ்ஏ என்ற மறைகுறியாக்க முறை வந்தது. இந்தக் கதையை எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன்! சொல்லும்போதெல்லாம் உள்ளே ஏதோ கூசும்.

ஏன் கூசுகிறது என்பதைப் புள்ளியியல் துறைத் தோழி ஒருவர்தான் புரியவைத்தார். "சார், நீங்க திரும்பி வந்த விமானத்தை மட்டும் எண்ணுறீங்க" என்றார். இரண்டாம் உலகப் போரில் புள்ளியியலாளர் ஆப்ரகாம் வால்டு செய்த வேலை தெரியும்தானே? திரும்பி வந்த விமானங்களில் குண்டு பட்ட இடங்களை மட்டும் பார்த்துக் கவசம் போடாதே, அந்த இடத்தில் அடிபட்டும் அவை வந்துவிட்டன, வேறு இடத்தில் அடிபட்டவை வரவே இல்லை என்றார். பயன்பட்ட தேற்றங்களைத்தான் நாங்கள் மேடையில் ஏற்றுகிறோம். பயன்படாமல் நூலகத்தில் தூங்குகிற ஆயிரக்கணக்கானவற்றைப் பற்றி வாயே திறப்பதில்லை. நியாயமான அடி. (வால்டு வியன்னாவில் வடிவியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று பதிலுக்குச் சொல்லிப் பார்த்தேன். "அதுவும் திரும்பி வந்த விமானம்தான் சார்.")

சரி. அந்தத் தோழியின் மாணவிக்கு அன்று என்ன நடந்தது என்று யாராவது கவனித்தீர்களா? வீடியோ வெட்டப்பட்ட பிறகு நடந்தது அது. அடுத்து அவள் பேசினாள். பெரியவர் முகம் மலர்ந்தார். "இது உருப்படியான வேலை. நம்ம பசங்களுக்கெல்லாம் கொஞ்சம் டேட்டா போட்டுக் கொடும்மா" என்றார். கைதட்டல் வேறு.

எல்லாரும் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு முதலாவதைவிட இதுதான் அதிகமாக உறுத்தியது. அவள் நாலு வருடமாகச் செய்வது, தகவல் பாதி விடுபட்டுப்போன ஆய்வுகளில் எந்த அளவுக்கு நம்பி முடிவு சொல்லலாம் என்கிற வேலை. பெரியவர் அவளைக் கணக்குப் போடும் கவுன்ட்டராக்கிவிட்டார். ஒருத்திக்கு "உன்னால் பயன் இல்லை." இன்னொருத்திக்கு "பயன் மட்டும் போதும், நீ யோசிக்க வேண்டாம்." இரண்டும் ஒரே அவமதிப்பு. இரண்டு பேர் சொன்னதையும் அவர் கேட்கவில்லை.

மற்ற துறைக்காரர்களும் புள்ளியியலாளரை இப்படித்தான் நடத்துகிறார்கள். டேட்டா எல்லாம் எடுத்து முடித்துவிட்டு, பேப்பர் அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது வந்து, "பி-மதிப்பு 0.05க்குக் கீழே வரமாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்று நிற்பார்கள். (உண்மையில் ஒரு விளைவும் இல்லாவிட்டாலும் தற்செயலாகவே இப்படி ஒரு முடிவோ இதைவிடத் தீவிரமானதோ வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிற எண்தான் பி-மதிப்பு.) புள்ளியியலாளர் ஃபிஷர் 1938லேயே சொல்லிவிட்டார்: சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்றையொன்று சாராத 20 சோதனை போட்டால், அதில் ஒன்றாவது 0.05க்குக் கீழே விழ 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. எதைத் தேடினாலும் ஏதாவது கிடைக்கும் என்று அர்த்தம். இதைச் சொன்னால் அந்தப் புள்ளியியலாளர் 'ஒத்துழைக்காதவர்'. எங்கள் பக்கத் தப்பு வேறு மாதிரி. எங்கள் முடிச்சு அட்டவணையில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டு முடிச்சுகளை வேறு வேறு என்று எழுதி வைத்திருந்தார்கள். 1974இல் கென்னத் பெர்கோ என்ற வழக்கறிஞர் வந்து, இரண்டும் ஒன்றுதான் என்று காட்டினார். அத்தனை காலமும் அந்தத் தப்பால் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. பி-மதிப்பில் விளையாடினால் அது நோயாளி விழுங்குகிற மாத்திரை வரைக்கும் போகும்.

இந்நேரம் யாராவது கமெண்ட் தட்டிக்கொண்டிருப்பீர்கள். வரிப்பணம், அதுதானே? எங்களுக்கு வேண்டியது ஒரு கரும்பலகை, ஒரு சாக்பீஸ், கதவு மூடுகிற ஓர் அறை. மேலே போகலாம்.

"பெரியவர் வயசுக்கு மரியாதை இல்லையா?" உண்டு. அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை, துறையைச் சொல்லவில்லை, அன்று அங்கேயே எழுந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் 26 வயதுக்கு மரியாதை கிடையாதா? நாலு வருடம் ஒரு கேள்வியோடு குடித்தனம் நடத்திவிட்டு வந்து நிற்கிறவளுக்கு நாலு நிமிடம் காது கொடுப்பது மரியாதையில் சேராதா? வயது ஏற ஏற, மற்றவர் பேசி முடிக்கிற வரை பொறுக்கிற குணம் கூட வேண்டும். எனக்கும் கூடவில்லை, அது வேறு.

"சும்மா ஒரு தமாஷ்." அந்தத் தமாஷை அவளும் சிரித்தபடியே வாங்கிக்கொண்டாள், பாருங்கள். அந்தச் சிரிப்பு எங்கே போய் நின்றது என்று நீங்கள் பார்க்கவில்லை.

"சுத்தக் கணிதக்காரர்கள் புள்ளியியல்காரர்களை இளக்காரமாகப் பார்த்ததில்லையா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. மேலே சொன்ன அதே தோழியிடம், வேலைக்குச் சேர்ந்த புதிதில், "உங்களுக்கென்ன, சாஃப்ட்வேரே எல்லாம் போட்டுத் தந்துடும்" என்று சொன்னவன் நான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் 1945இல் எழுதிய கட்டுரையின் நகல் என் மேசையில் கிடந்தது. 25 வயதுவாக்கில் எழுதியது. ஓர் அளவை டேட்டாவிலிருந்து எவ்வளவு துல்லியமாக மதிப்பிடலாம் என்பதற்கு எல்லை கட்டியதும் அதில்தான், புள்ளியியலுக்குள் ரீமான் வடிவியலை (வளைந்த வெளிகளின் வடிவியல்) கொண்டுவந்ததும் அதில்தான். ரீமான் வடிவியலைக் கொண்டுவந்ததும் அதில்தான். என் வடிவியல்! இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் பதிவை அவர் படிப்பார்.

"நாலு வருஷம் அதிகம்தானே?" லிசா பிச்சிரில்லோ என்ற மாணவி 2018இல், 50 ஆண்டுகளாகக் கிடந்த கான்வே முடிச்சுக் கேள்வியை ஒரு வாரத்துக்குள் தீர்த்தார். உடனே "ஒரு வாரத்தில் முடிகிறதே, உங்களுக்கு மட்டும் எதற்கு" என்று கேட்பீர்கள். அந்த ஒரு வாரத்துக்கு முன்னால் எத்தனை வருடம் கற்றுக்கொண்டார் என்பது எந்தப் படிவத்தின் கட்டத்திலும் நிரப்பப்படுவதில்லை. என் பிஎச்டியில் முதல் இரண்டு வருடம் ஒரு துணைத்தேற்றத்தை நிறுவப் பார்த்தேன். மூன்றாம் வருடம் ஒரு மத்தியானம், அது உண்மையே இல்லை என்று தெரிந்தது. அரைப் பக்க எதிர் உதாரணம். கைடிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லது, இனிமே யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்" என்றார். அந்த இரண்டு வருடத்துக்கு இம்பாக்ட் ஃபேக்டர் என்ன? சைட்டேஷன் (மற்றவர்கள் மேற்கோள் காட்டியது) எத்தனை? சைட்டேஷன் எண்ணுகிறவர்களே 2023இல் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களின் உலகப் பட்டியலிலிருந்து கணிதத்தை எடுத்துவிட்டார்கள், அந்த எண்களை வளைப்பது அவ்வளவு எளிது என்று. நாங்கள் இன்னும் அதே எண்ணை ஆண்டறிக்கையில் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

என் கைடு அன்று சிரித்திருந்தால் நான் இந்தப் பக்கமே இருந்திருக்க மாட்டேன்.

வீடியோவை நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் முகம் தெரியவில்லை, பின்மண்டைதான். ஆனால் 23ஆவது விநாடியில் தோள் இரண்டும் குலுங்குகின்றன. எல்லாரும் அதை எனக்கு அனுப்பியது ஏன் என்று இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

நேற்று ராத்திரி அவளிடமிருந்து மெயில். "சார், திருத்திய ஸ்லைடுகள்." வேறு ஒரு வார்த்தை இல்லை. திறந்து பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கிறது. கடைசி ஸ்லைடில் டிஎன்ஏ படத்தை எடுத்துவிட்டாள். தலைப்பு மட்டும் இருக்கிறது, 'பயன்பாடுகள்' என்று. கீழே வெறும் வெள்ளை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டிருக்கிறாளா தெரியவில்லை. இன்னும் பதில் போடவில்லை.