துண்டு விழும் இடம்

செயற்கைக் கால் செய்கிற வேலை என்னுடையது. 9 வருஷமாகிறது. சம்பளம் குறைவு, வேலை பிடிக்கும். விடுவதா இருப்பதா என்று ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிவெடுக்காத ஆள் எழுதுகிற பதிவு இது, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

எது பிடிக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கால் இழந்தவருக்கு எஞ்சியிருக்கும் பாகத்தின் மேல் பிளாஸ்டர் துணியைச் சுற்றி அச்சு எடுப்போம். அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் கரைசலை ஊற்றிக் காயவைத்தால் அவர் காலின் நகல் கையில் வரும். அதை அப்படியே வைத்து சாக்கெட், அதாவது எஞ்சிய கால் போய் உட்காரும் கிண்ணம், செய்தால் அவரால் பத்தடி நடக்க முடியாது. எலும்பு துருத்தும் இடங்களில் கொஞ்சம் பிளாஸ்டர் ஏற்ற வேண்டும், அப்போதுதான் அங்கே அழுத்தாது. முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாண் சுமை தாங்கும், அதன் மேல் அரத்தால் இழைத்துக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைக்கலாம் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் அரம் பிடித்த கைக்கு வேறொரு கணக்கு தெரியும். இரண்டு மில்லிமீட்டர் கூடினால் புண், குறைந்தால் கால் உள்ளே ஆடும். அரத்தோடு உட்கார்ந்துவிட்டால் எனக்குப் பசி தெரியாது, போன் அடிப்பது கேட்காது.

இந்த மயக்கத்தில் இருக்கும்போது "இந்த வேலையை விடுவேனா?" என்று கேட்டுக்கொண்டால் "சீ, போ" என்றுதான் பதில் வரும். மாதக் கடைசியில் கேட்டால் "நாளைக்கே" என்று வரும். இரண்டு பதிலையும் நம்ப முடியாது என்று புரியவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

திருப்பம் என் மனைவியிடமிருந்து வந்தது. மாதச் செலவைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே சொன்னார்: "உங்க ஆபீஸுக்கு மாசாமாசம் நான்தான் நன்கொடை குடுக்கறேன், தெரியுமா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அது கணக்குப்படி உண்மை. குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும்போது துண்டு விழுகிற தொகை ஆவியாகிப் போவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கட்டுகிறார். என் விஷயத்தில் என் மனைவியின் சம்பளம் கட்டுகிறது. தனியாக இருப்பவருக்கு அவருடைய வயதான காலம் கட்டும், ஏனென்றால் முதலில் வெட்டுப்படுவது சேமிப்புதான். சிலருக்குப் பெற்றோர் கட்டுகிறார்கள். "எனக்குப் பணம் முக்கியமில்லை" என்று நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான். அந்தப் பெருமைக்கு வேறொருவர் தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். சராசரியாக வருஷம் 4 சதவீதம் சம்பளம் ஏறியிருக்கிறது. செலவு வருஷம் 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டேன். பார்த்தால் 2 சதவீதம்தானே வித்தியாசம்? 9 வருஷத்தில் 100 ரூபாய்ச் சம்பளம் 142 ஆகும், 100 ரூபாய்ச் செலவு 169 ஆகும். அதாவது சேர்ந்த அன்று இருந்ததைவிட இன்று என் சம்பளத்தின் வாங்கும் சக்தி ஏறத்தாழ 16 சதவீதம் குறைவு. கை பழகியிருக்கிறது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான்தான் கற்றுத் தருகிறேன், சம்பளம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறது. இதில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று காகிதத்தில் இருப்பது நடைமுறையில் 48. மணிக் கணக்கில் பார்த்தால் அங்கே இன்னொரு ஆறில் ஒரு பங்கு போச்சு. இந்த எட்டு மணி நேரத்தை யாரும் என்னைக் கட்டாயப்படுத்தி வாங்கவில்லை, பிடித்துப்போய் நானே கொடுத்தது. அதுதான் சங்கடம்.

நான் தனி ஆள் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். படித்தவர்கள், ஆனால் கூட்டுவதும் கழுவுவதும் தீனி வைப்பதும்தான் அன்றாடம், சம்பளமும் சொற்பம். "இதற்காகவே பிறந்தேன்" என்று நினைக்கிறவர்களுக்கு வேலையில் அர்த்தம் அதிகம் கிடைத்தது. அதே ஆட்கள்தான் சம்பளத்தையும் சொந்த நேரத்தையும் வசதியையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நிர்வாகம் தன் கடமையைச் சரியாகச் செய்கிறதா என்ற கண்காணிப்பும் அவர்களிடமே அதிகம். படித்ததும் யாரோ என் டைரியைத் திறந்து பார்த்தது போல இருந்தது.

எங்கள் நிர்வாகம் கெட்டதில்லை. ஆனால் சம்பளப் பேச்சு எடுத்தால் "இது வெறும் வேலை இல்ல, சேவை" என்பார்கள். சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பிளாஸ்டர் மூட்டை விற்கிறவரிடம் யாரும் சேவை என்று பேசி விலையைக் குறைப்பதில்லை. மின்கட்டணம் சேவை மனப்பான்மையோடு வருவதில்லை. சேவை என்ற சொல் எப்போதும் சம்பளப் பட்டியல் பக்கமே போய் உட்கார்ந்துகொள்கிறது, பாருங்கள்.

அப்போ விட்டுவிட வேண்டியதுதானே? அவ்வளவு லேசில்லை. ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர் இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்களை நாணயம் சுண்ட வைத்தார், முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறவர்களை. வேலையை விடுவது மாதிரி பெரிய விஷயங்களில், மாற்றம் செய்தவர்கள் ஆறு மாதம் கழித்து, செய்யாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்ததாகத் தெரியவந்தது. நண்பர்கள் இதைக் காட்டி "பாத்தியா?" என்கிறார்கள். பார்த்தேன். நாணயம் சுண்ட வந்தவருக்கு ஏற்கனவே ஒரு கால் வாசலுக்கு வெளியே இருந்திருக்கும். என் இரண்டு காலும் உள்ளேதான் இருக்கிறது.

போன மாதம் வேறொரு இடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். 40 சதவீதம் கூடுதல் சம்பளம். சுத்தமான அறை, பிளாஸ்டர் தூசியே இல்லை, ஸ்கேனர் வைத்துக் காலை அளந்து கணினியில் அச்சு வடிவமைக்கிறார்கள். கம்ப்யூட்டர் என்பதால் நான் முகம் சுளிக்கவில்லை, அதையும் கற்றுக்கொள்ள ஆசைதான். "சாக்கெட் சரியா பொருந்தலைன்னா என்ன பண்ணுவீங்க சார்?" என்று தேர்வு நடத்தியவரிடம் கேட்டேன். "ஒரு தடவை திருத்திக் குடுப்போம்" என்றார். "அப்பவும் வலிச்சா?" அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். இப்போது நான் இருக்கும் இடத்தில் நான்காவது தடவை இழைத்தாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. சம்பளச் சீட்டில் வராத அந்தச் சலுகைக்கு நான் எவ்வளவு விலை போடுவது?

இன்னொன்று. இப்போதைய வேலை நடக்கிற தூரம். அந்தப் புது இடத்துக்குப் போக வர வாரத்துக்கு 12 மணி நேரம். 48 மணி 60 ஆகிவிட்டால், அந்த 40 சதவீதம் மணிக் கணக்கில் 12 சதவீதமாகச் சுருங்குகிறது. வேலை மாறுகிறவர்கள் பலர் இந்தக் கழித்தலைப் போடுவதில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டில் எந்த நேரம் என்ன செய்தேன் என்று குறித்தும் பார்த்தேன். அரத்தோடு உட்கார்ந்த நேரம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். மீதி பதிவேடு, போன், பொருள் வரக் காத்திருப்பது. "என் வேலை எனக்குப் பிடிக்கும்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒரு பங்கைத்தான்.

அதை வைத்துத்தான் கடைசியில் நிர்வாகத்திடம் போனேன். பணம் கூட்ட முடியாது என்று சொல்வார்கள் என்று தெரியும், அதனால் கையில் இரண்டு காகிதம். ஒன்றில் சம்பள உயர்வு. இன்னொன்றில், அதே சம்பளம், ஐந்து நாளுக்குப் பதில் நான்கு நாள், பதிவேட்டு வேலை வேறொருவருக்கு. நாள் கணக்கில் இது 25 சதவீத உயர்வு, அவர்கள் கையிலிருந்து கூடுதலாக என் பெயருக்கு ஒரு காசு போகாது. ஐந்தாவது நாளில் வெளியே வேலை பார்த்துத் துண்டை நானே அடைத்துக்கொள்வேன். இரண்டாவது காகிதத்தை எங்கள் மேலாளர் இரண்டு முறை படித்தார். "இப்படியும் கேக்கலாமா?" என்றார். "கேட்டாச்சு சார்" என்றேன். "பார்க்கலாம்" என்றார்.

9 வருஷத்தில் எத்தனையோ "பார்க்கலாம்" கேட்டிருக்கிறேன், ஒன்றுக்கும் தேதி இருந்ததில்லை. இந்தத் தடவை நானே தேதி சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் 15. அந்த இன்னொரு இடத்தில் 20 வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிடித்த வேலையைச் சம்பளத்துக்காக விட்டுப் போனவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். முதல் வருஷத்தைப் பற்றி வேண்டாம், அப்போது எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவது வருஷம் எப்படி இருந்தது?