8543-ஐ 8543-ஆல் பெருக்கினால்

கையில் இருக்கும் போனில் கால்குலேட்டரைத் திறந்து 8543-ஐ 8543-ஆல் பெருக்கிப் பாருங்கள். 7,29,82,849 வரும். ஏறக்குறைய ஏழு கோடியே முப்பது லட்சம். ஒரு தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்ததற்கு இந்தப் பெருக்கல் ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் மிகை. ஆனால் அந்த வழக்கில் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டது இந்த எண்தான்.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்றொரு வழக்கறிஞர். 1996 கடைசியில் முதல் குழந்தையும் 1998 தொடக்கத்தில் இரண்டாவது குழந்தையும், பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் இறந்துபோயின. இரண்டையும் அவர்தான் கொன்றார் என்று வழக்கு. சாட்சி சொல்ல வந்த ராய் மெடோ பெயர்பெற்ற குழந்தை மருத்துவர், சர் பட்டம் வாங்கியவர். ஓரளவு வசதியான, புகைப்பழக்கம் இல்லாத இப்படியொரு குடும்பத்தில் குழந்தை காரணம் தெரியாமல் தொட்டிலிலேயே இறந்துபோவது 8543-இல் ஒன்று, இரண்டு குழந்தைகளுக்கும் அப்படி நடப்பது 7.3 கோடியில் ஒன்று என்றார். 1999-இல் ஜூரிகளில் பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள்.

கணக்குப் பாடத்தில் பாஸ் ஆன யாரும் இங்கே கொஞ்சம் நின்றிருக்க வேண்டும். இரண்டு வாய்ப்புகளைப் பெருக்கலாம் என்றால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. நாணயத்தைச் சுண்டினால் சரி. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு, ஒரே ரத்தம் என்று இருக்கும் இரண்டு குழந்தைகளை எப்படிப் பெருக்குவது? இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. லாட்டரியில் முதல் பரிசு விழுந்த ஆளைப் பிடித்து, "இது கோடியில் ஒருத்தனுக்குத்தான் விழும், ஆகவே நீ திருடித்தான் இருக்கணும்" என்று சொன்னால் சிரிப்போம். அந்த வழக்கில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறப்பது அபூர்வம்தான். பெற்ற தாயே இரண்டையும் கொல்வது மட்டும் தினமும் நடக்கிறதா என்ன? இரண்டு அபூர்வங்களில் எது குறைந்த அபூர்வம் என்றல்லவா பார்த்திருக்க வேண்டும்?

2001-இல் பிரிட்டனின் ராயல் ஸ்டாட்டிஸ்டிக்கல் சொசைட்டி, இந்த எண்ணுக்குப் புள்ளியியல் அடிப்படையே இல்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. 2003-இல் அவர் விடுதலையானதற்கு முக்கியக் காரணம் இன்னும் கேவலமானது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித்தொற்று இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவு, பிரேதப் பரிசோதனை செய்தவரிடமே கிடந்திருக்கிறது. எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரவே இல்லை. 2007-இல் சாலி கிளார்க் இறந்துபோனார். வயது நாற்பத்திரண்டு.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது மருத்துவர் அல்ல. அந்த 8543 வெறுங்கையால் பிடித்த எண்ணும் அல்ல. குழந்தை மரணங்களைப் பற்றிய ஓர் ஆய்விலிருந்து வந்தது. எந்தச் சூழலில் ஆபத்து கூடுகிறது, எதில் குறைகிறது என்று கண்டுபிடிக்கப் போன ஆய்வு அது. அந்தக் கேள்விக்கு அது பதில். "இந்தப் பெண் கொன்றாளா?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. ஓரிடத்தில் பிறந்த அறிவு இன்னோரிடத்துக்குப் போகும்போது கேள்வி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது, பதில் மட்டும் போய்ச் சேர்கிறது. அதுவும் எண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் எஃப்.பி.ஐ.யே 2015-இல் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. முடியை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, "இது குற்றவாளியின் முடியோடு பொருந்துகிறது" என்று அவர்களுடைய நிபுணர்கள் பல வருடங்களாகச் சாட்சி சொல்லி வந்தார்கள். அந்தச் சாட்சியம் எதிராளியைச் சிக்கவைத்த 268 வழக்குகளைத் திரும்பப் படித்ததில், 257-இல் அறிவியல் தாங்கக்கூடியதைவிட அதிகமாகச் சொல்லியிருந்தார்கள். மரண தண்டனை வழக்குகளும் அதில் இருந்தன. "பொருந்தலாம்" என்று ஆய்வுக்கூடத்தில் இருந்த சொல், சாட்சிக் கூண்டு ஏறும்போது "பொருந்துகிறது" என்று ஆகியிருக்கிறது. ஒரு விகுதி. அவ்வளவுதான்.

நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு ஒரு நாள் கதவைச் சாத்தியாக வேண்டும், தீர்ப்பு எழுதியாக வேண்டும். அறிவியலுக்கு அந்த அவசரம் இல்லை என்றுதான் பேச்சு. ஆனால் அங்கேயும் ஒரு 0.05 உட்கார்ந்திருக்கிறது. தற்செயலாகவே இப்படியொரு முடிவு வர இருபதில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்றால் "முக்கியமான முடிவு", இல்லையென்றால் குப்பை. 1925-இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தம் புத்தகத்தில் வசதியான எல்லை என்று குறிப்பிட்டது, நாளடைவில் வேலை கொடுக்கும், வேலையைப் பறிக்கும் கோடாகிவிட்டது. 2015-இல் உளவியல் ஆய்வுகள் நூறை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முதல் தடவை நூற்றுக்கு 97 கோட்டைத் தாண்டியவை. இரண்டாம் தடவை தாண்டியது 36 சதவீதம். இதற்காக ஆய்வாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று ஆகாது. ஒரு கோட்டைக் கிழித்து, தாண்டினால்தான் சோறு என்றால், மனிதர்கள் எப்படியும் தாண்டுவார்கள்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆசிரியர் தேர்வுக் குழுவில் நானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆளுக்கொரு எக்ஸெல் தாள். பெயர், கட்டுரை எண்ணிக்கை, சைட்டேஷன் (அந்தக் கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), இம்பாக்ட் ஃபேக்டர் (கட்டுரை வந்த இதழ் சராசரியாக எவ்வளவு மேற்கோள் பெறுகிறது என்ற அளவு), கடைசியில் மொத்தம். மொத்தம் மட்டும் தடித்த எழுத்தில். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். விண்ணப்பத்தோடு கட்டுரைகளின் பிரதியும் இருந்தது, ஸ்டேப்ளர் போட்டு, மூலையில் வரிசை எண் ஒட்டி. மாலை ஐந்து மணிக்கு அந்தக் கட்டு காலையில் இருந்த மாதிரியே மடங்காமல் இருந்தது. யாரும் ஒரு பக்கம் புரட்டவில்லை. நானும்தான். மொத்தத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வந்தேன்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பதே இதழ்களுக்காக வந்தது. தங்கள் மேற்கோள் அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்ய யூஜின் கார்ஃபீல்டும் கூட்டாளிகளும் கொண்டுவந்த அளவு. இதழை அளக்கும் கோலை எடுத்து மனிதனை அளக்கிறோம். மறுபடியும் அதே கதை, கேள்வி உதிர்ந்துவிட்டது. ஹிக்ஸ் போசான் புகழ் இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ், நோபல் வாங்கிய 2013-இலேயே ஒரு பேட்டியில் சொன்னார்: இன்றைக்கு இருக்கும் முறையில் தனக்கு வேலையே கிடைத்திருக்காது. 1964-க்குப் பிறகு அவர் எழுதிய கட்டுரைகள் பத்துகூடத் தேறாது. எங்கள் எக்ஸெல் தாளில் அவர் முதல் சுற்றிலேயே போயிருப்பார், சந்தேகமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணாகிப்போன அறிவு. எழுத்தாகவே ஆகாத அறிவின் கதி வேறு மாதிரி.

1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு பேட்டன்ட் கிடைத்தது. மஞ்சள்தூளைக் கொண்டு புண்ணை ஆற்றும் முறை. ஒரு நாடே செய்துவந்த காரியம். இது எப்படிப் புதுக் கண்டுபிடிப்பு ஆகும் என்று கோபம் வரும்தானே? அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அமெரிக்காவுக்குள் ஒரு விஷயம் தெரிந்திருந்தாலோ பயன்பாட்டில் இருந்தாலோ அது பழையது. வெளிநாட்டில் என்றால் பேட்டன்டாகவோ அச்சிலோ இருக்க வேண்டும். அதாவது கடலுக்கு இந்தப் பக்கம் கோடிப் பேர் தலைமுறை தலைமுறையாகச் செய்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது நடக்கவே இல்லை.

இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து மனுப் போட்டது. பயன்படுத்திய கோடிப் பேரைச் சாட்சிக்கு அழைத்துப் பிரயோசனமில்லை. சமஸ்கிருதத்திலும் உருதுவிலும் இந்தியிலும் தேடிப் பிடித்து 32 ஆதாரங்களைக் கொடுத்தார்கள். அவற்றில் பழைய சுவடி வாசகமும் உண்டு, 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு கட்டுரையும் உண்டு. 1997-இல் பேட்டன்ட் ரத்தானது. எல்லோரும் கொண்டாடினோம். எனக்கு அப்போதே ஒரு சின்ன நெருடல். ஜெயித்தது செய்துகாட்டிய கைகளா, யாரோ எப்போதோ எழுதிவைத்த தாளா? எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் எழுதிவைப்பதில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் எழுத வேண்டும்?

அமெரிக்கச் சட்டம் பின்னால் மாறிவிட்டது. 2013 மார்ச் முதல், உலகில் எங்கே பொதுப் பயன்பாட்டில் இருந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இந்தியாவும் 2001-இல் பாரம்பரிய அறிவுக்கென்று ஒரு டிஜிட்டல் நூலகத்தைத் தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி மருத்துவ முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பெயர்த்து, வெளிநாட்டுப் பேட்டன்ட் அலுவலகங்கள் தட்டிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. அதில் இடம்பிடிக்க ஒரு மருந்துக்கு வேண்டிய தகுதி ஒன்றுதான்: ஏற்கெனவே ஏதாவது ஒரு நூலில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.