‘வெள்ளவத்தைதான் முதலிடம்’: இது பொலிஸ் கணக்கு அல்ல

“கொழும்பிலேயே குற்றம் அதிகம் நடப்பது வெள்ளவத்தையில்தான், பொலிஸ் புள்ளிவிவரத்தை வைத்து சட்ஜிபிடி சொன்னது” என்று ஒரு படம் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்பி வாடகை வீட்டையே கைவிட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இலங்கைப் பொலிஸ் வெளியிடும் பாரிய குற்றங்களின் ஆண்டு அட்டவணை கொழும்பு வடக்கு, மத்தி, தெற்கு என்று பெரிய பிரிவுகளாகவே போகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி எல்லாம் தெற்குக்குள் அடக்கம். அந்த அட்டவணையிலிருந்து வெள்ளவத்தைக்கென்று தனி இடம் எப்படி வரும்? சட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுபவை. அட்டவணை கையில் இல்லாவிட்டாலும் பதில் சரளமாகவே வரும், எண்ணும் சேர்ந்தே வரும்.

அப்புறம், பொலிஸ் அட்டவணையில் உள்ள எண்கள் பதிவான முறைப்பாடுகள். முறையிடாதவை அதில் வராது.

குற்றங்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தாலும் தவறுவோம். 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில் சுமார் 23 இலட்சம் பேர், மன்னாரில் சுமார் 1 இலட்சம். இலட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால்தான் ஒப்பிடலாம்.

செயலியைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. பொலிஸ் தளத்தில் அட்டவணையைத் தரவிறக்கி நீங்களே அதற்குக் கொடுங்கள், அது சொல்லும் எண் எந்த வரிசையில் இருக்கிறது என்று கேளுங்கள், பிறகு அந்த வரிசையை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.