ஏ பக்கம், பி பக்கம், பாதியில் அறுந்த ஜார்ஜ் மைக்கேல்

போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. மொய்க் கவரைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். அதுவரை காதைக் கிழித்துக்கொண்டிருந்த டிஜே தம்பிக்கு, எங்களைப் போன்ற நரைத்த தலைகளைப் பார்த்து என்ன தோன்றியதோ, திடீரென்று தி போலீஸ் குழுவின் ‘எவ்ரி ப்ரெத் யூ டேக்’கைப் போட்டுவிட்டான். அந்த கிடார் ஆரம்பித்ததுதான் தாமதம், ஐம்பதைத் தாண்டிய நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கண்ணை மூடித் தலையாட்டினோம். நானும்தான்.

பக்கத்தில் நின்ற மகள் போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, “என்ன பாட்டுன்னு தெரிஞ்சுதான் தலையாட்டுதீங்களாப்பா?” என்றாள்.

“காதல் பாட்டு. 83-ல வந்தது.”

“காதலா? பிரிஞ்சு போனவளை ஒருத்தன் விடாமல் பின்னாடியே போய் வேவு பார்க்கான். இதைக் கல்யாண வீட்டுல போடுதாங்க, நீங்க ரசிச்சுட்டு இருக்கீங்க.”

வீட்டுக்கு வந்து வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நீ விடும் ஒவ்வொரு மூச்சையும் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று ஒருவன் சொல்கிறான். பக்கத்துத் தெருப் பையன் ஒரு பெண்ணிடம் இப்படிச் சொன்னால் நாம் போலீசுக்குத்தான் போவோம் (குழுவின் பெயரே அதுதான் என்பது வேறு). எழுதிய ஸ்டிங்குக்கு அது முதல் திருமணம் முறிந்துகொண்டிருந்த நேரம். இது பொறாமையும் கண்காணிப்பும் பற்றிய பாட்டு, ஜனங்கள் இதை இனிமையான காதல் பாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் 8 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அங்கேயும் இதைக் கல்யாணத்தில் போடுகிறார்களாம். அதனால் முட்டாள்தனத்தில் எங்களுக்குத் துணை இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்கள் பள்ளி வாட்ஸப் குரூப்பில் வாரம் ஒருமுறை இந்தச் சண்டை வரும். “எண்பதுகளின் பாட்டுதான் பாட்டு. வரிகள் எவ்வளவு சுத்தம், குரல் எவ்வளவு அசல், இப்போ எல்லாம் மெஷின்” என்று ஒருவன் போடுவான். இருபது பேர் கைதட்டுவார்கள். நானும் கைதட்டியவன். இனி முடியாது.

முதலில் ‘வரிகள்’ விஷயம். நமக்கு வரிகளே தெரியாது நண்பர்களே. உண்மையைச் சொல்லுவோம்.

அந்தப் பாட்டுகள் எங்களிடம் வந்துசேர்ந்த வழி அப்படி. துபாயில் இருந்த சித்தப்பா 84-இல் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். கூடவே நாலு இங்கிலீஷ் கேசட். தெருவே வந்து பார்த்தது. அந்த நாலும் தேய்ந்த பிறகு போக்கிடம் பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் இருந்த ரெக்கார்டிங் கடைதான். கடை அண்ணாச்சியிடம் நீளமான ஒரு நோட்டு இருக்கும், பாட்டுக்கெல்லாம் நம்பர் போட்டு. நாம் காலி கேசட்டைக் கொடுத்து, நம்பரைச் சீட்டில் எழுதிக்கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார். அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு முப்பது நிமிடம். தமிழ்ப் பாட்டுக்குக் கூட்டம் மொய்க்கும். இங்கிலீஷ் கேட்டு வருகிறவர்கள் நாங்கள் அஞ்சாறு பேர்தான் என்பதால் எங்கள்மேல் அவருக்குத் தனி மரியாதை, கொஞ்சம் சந்தேகமும் உண்டு. “தம்பி, இதுல கெட்ட வார்த்தை ஒண்ணும் இல்லியே? ஒங்க அப்பா என்கிட்ட வந்து சண்டைபிடிக்கப்பிடாது” என்பார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. “இல்ல அண்ணாச்சி” என்று தைரியமாகச் சொல்வேன்.

அட்டையில் பாட்டின் பெயரை அவரே பால்பாயின்ட் பேனாவில் எழுதுவார். அவர் கையெழுத்தில் ‘கேர்லெஸ் விஸ்பர்’, ‘கேர்லெஸ் விஸ்கர்’ ஆனது. விஸ்கர் என்றால் மீசை, பூனைக்கு மீசை இருப்பதால் அது ஏதோ பூனையைப் பற்றிய பாட்டு என்று என் தம்பி பல வருடம் நம்பினான். பாடுகிறவர் யார் என்பதும் அண்ணாச்சி சொல்வதுதான். சந்தேகம் வந்தால் எல்லாம் மைக்கேல் ஜாக்சன். பொம்பளைக் குரல் என்றால் மடோனா. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடினால் போனி எம். (போனி எம் எழுபதுகள் என்று யாரும் கமெண்டில் வராதீர்கள். ‘ரஸ்புடின்’ 78-இல் வந்தது எனக்கும் தெரியும். எங்கள் ஊருக்கு அது எண்பதுகளில்தான் பஸ் ஏறி வந்தது.)

வரிகள் புரிந்த ஒரே பாட்டு ஸ்டீவி வொண்டரின் ‘ஐ ஜஸ்ட் கால்ட்’. எட்டாம் வகுப்பு இங்கிலீஷே போதும். 84-இல் வந்த அந்தப் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அதன் விஷயம் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. விசேஷமாக ஒன்றும் இல்லை, உன்னை நேசிக்கிறேன் என்று சொல்லத்தான் போன் செய்தேன் என்கிறார் மனிதர். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து டாக்டர் வீட்டில் ட்ரங்க் கால் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்து, மூன்று நிமிடத்துக்குள் “தாத்தா தவறிட்டாங்க, உடனே புறப்பட்டு வாங்க” என்று கத்தத்தான் போனைத் தொட்டிருக்கிறோம்.

மற்றதெல்லாம் சத்தம்தான். அந்தச் சத்தத்துக்குள் என்ன இருந்தது என்று இந்த ஒரு மாதமாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘சுத்தம்’ என்று சொன்ன நண்பர்கள் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

‘பில்லி ஜீன்’. எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் பத்தாம் வகுப்புப் பையன்கள் ஆடினோம். வெள்ளை சாக்ஸ், கறுப்பு பேன்ட், ஒரு கையில் மட்டும் உறை. மூன்வாக் வராமல் ஒருவன் பின்னாலேயே போய் மேடைத் திரைக்குள் மறைந்தான். முன்வரிசையில் சிறப்பு விருந்தினரும் தலைமையாசிரியர் ஃபாதரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டில் ஜாக்சன் சொல்வதோ, அவள் என் காதலி இல்லை, அந்தக் குழந்தைக்கு அப்பன் நான் இல்லை என்று. ஃபாதர் முடிவில் கைதட்டி, எங்கள் ஒழுக்கத்தைப் பாராட்டிப் பேசினார்.

ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் த யு.எஸ்.ஏ.’யை முஷ்டியை உயர்த்திப் பாடுவோம். அமெரிக்காக்காரன் தன் நாட்டைப் புகழ்கிறான் என்று நினைப்பு. வியட்நாமில் சண்டைபோட்டுத் திரும்பியவனுக்கு ஊரில் வேலை கொடுக்க ஆளில்லை என்ற ஆத்திரம் அது. 1984 தேர்தல் பிரச்சாரத்தில் ரீகனே ஸ்பிரிங்ஸ்டீனைத் தன் கூட்டத்தில் மெச்சிப் பேசினார். அமெரிக்க ஜனாதிபதிக்கே புரியாதபோது பாளையங்கோட்டைப் பையனுக்கு எப்படிப் புரியும்?

என்னை ரொம்ப உலுக்கியது நேனாவின் பலூன் பாட்டு. ‘99 லுஃப்ட்பலூன்ஸ்’, ஜெர்மன் மொழி. அது ஜெர்மன் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. வேகமாகப் பாடுகிற இங்கிலீஷ் என்றே நினைத்தோம். சின்னப்பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிற மெட்டு. மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் கூட்டமாகப் பறக்கவிட்ட பலூன்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேனா குழுவின் கிடார்காரர் கார்லோ கார்கஸுக்கு, காற்று இதை பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம், கம்யூனிஸ்ட் கிழக்குப் பகுதிக்குக் கொண்டுபோனால் அவர்கள் என்ன என்று நினைப்பார்கள் என்று தோன்றியிருக்கிறது. அதுதான் பாட்டு. பலூனை எதிரியின் தாக்குதல் என்று எண்ணி விமானங்களை அனுப்ப, போர் மூண்டு, கடைசியில் எல்லாம் சாம்பல். பாட்டு 1983-இன் தொடக்கத்தில் வந்தது. அதே வருடம் செப்டம்பர் 26 அன்று, மேகத்தில் பட்ட சூரிய ஒளியை அமெரிக்க ஏவுகணை என்று சோவியத் எச்சரிக்கைக் கருவி கணித்து அலறியது. பணியில் இருந்த பெட்ரோவ் என்ற அதிகாரி இது பொய்யான அலாரம் என்று முடிவெடுத்ததால்தான் உலகம் பிழைத்தது. அந்தச் செய்தி வெளியே வர அப்புறம் பல வருடம் ஆனது. பெட்ரோவ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடம் நம்மூரில் நள்ளிரவு தாண்டியிருக்கும், நான் அநேகமாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். அடுத்த வருடம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அந்தப் பாட்டுக்குக் குதித்தோம்.

அப்புறம் சூசன் வேகாவின் ‘லூக்கா’, 87. எவ்வளவு மென்மையான குரல். மாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு குழந்தை, வீட்டில் அடி வாங்குவதை மறைத்து மறைத்துப் பேசுகிற பாட்டு. இதை என் தங்கச்சி தொட்டிலில் தூங்குவதற்காக அம்மா மறுபடி மறுபடி போடச் சொல்வாள்.

இந்த சூசன் வேகாவைப் பற்றி இன்னொன்று. அதே ஆல்பத்தில் வாத்தியமே இல்லாமல் அவர் தனிக்குரலில் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்று ஒன்று உண்டு. ஜெர்மனியில் எம்பி3 தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான பிராண்டன்பர்க், ஒலியைச் சுருக்கும்போது அந்தக் குரல் கெட்டுப்போவதைக் கவனித்து, அதையே உரைகல்லாக வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிசெய்திருக்கிறார். அந்த எம்பி3-தான் இரண்டாயிரம் வாக்கில் ஒரே சிடியில் நூற்றைம்பது பாட்டாக ஊருக்குள் வந்து அண்ணாச்சியின் கடையை மூடவைத்தது. அண்ணாச்சி தன் கையாலேயே சூசன் வேகாவை எத்தனை கேசட்டில் பதிந்திருப்பார். பிறகு மொபைல் ரீசார்ஜ் போட்டார், அதுவும் போனது.

சரி, ‘அசல் குரல், அசல் வாத்தியம்’ வாதத்துக்கு வருவோம். அதற்கு அதிக நேரம் தேவையில்லை. 83-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற கீபோர்டையும் லின் டிரம் மெஷினையும் எடுத்துவிட்டால் அந்தக் காலத்து பாப் பாட்டுகளில் பாதி எலும்புக்கூடுதான். 86-இல் இளையராஜாவின் ‘விக்ரம்’ தலைப்புப் பாட்டு வந்தபோது, “தகர டப்பாவை உருட்டுற மாதிரி இருக்கு, எம்.கே.டி. பாட்டைக் கேளு, மெஷினா அது?” என்றார் அப்பா. எனக்கு அந்தச் சத்தம்தான் பிடித்தது. இன்றைக்கு நான் மகளிடம் பேசுவது அப்பாவின் வசனம், வார்த்தை மாறாமல்.

குரலைப் பற்றியா? மில்லி வனில்லி என்று இரண்டு பேர், 1990-இல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி வாங்கினார்கள். ஆல்பத்தில் ஒரு வரியும் அவர்கள் பாடவில்லை என்று அதே வருடம் தெரிந்து விருதைப் பிடுங்கினார்கள். பின்னால் இருந்து நடத்தியவர் ஃப்ராங்க் ஃபேரியன். நம் போனி எம்மை உருவாக்கியவரும் அவரே. அதில் நாம் கேட்ட அந்தக் கட்டையான ஆண்குரல் மேடையில் ஆடியவருடையது அல்ல, ஸ்டுடியோவில் ஃபேரியன் பாடியது. இதற்கு, குரலின் சுருதியை மெஷினில் திருத்துகிற ஆட்டோடியூன் எவ்வளவோ தேவலை.

இவ்வளவும் தெரிந்தபிறகு பாட்டு கசந்துவிட்டதா என்றால், இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். ‘லூக்கா’ மட்டும் இப்போது கேட்க முடியவில்லை. மற்றதெல்லாம் முன்னைவிடப் பிடித்திருக்கிறது. அணுகுண்டு பயத்தை மூன்று நான்கு நிமிடத் துள்ளலுக்குள் மடித்துவைத்துத் தெருவெல்லாம் பாடவைத்திருக்கிறார்களே என்று மலைப்பாக இருக்கிறது.

ஆனால் ‘எங்கள் காலம்’ என்று நெஞ்சைத் தட்டுகிறோமே, அது என்ன காலம்? என் எண்பதுகள் என்பது அண்ணாச்சி நோட்டில் இருந்த எண்பதுகள்தான். மகள் ஒரு நாள் இயர்போனின் ஒரு முனையை என் காதில் சொருகி, “இதைக் கேளுங்க” என்றாள். விநோதமான பெண்குரல், அடியில் குதிரை ஓடுகிற மாதிரி டிரம். புதுப் பாட்டு என்று நினைத்தேன். கேட் புஷ் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’, 1985. நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றில் வந்து, 37 வருடம் கழித்து 2022-இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. நான் தெருத்தெருவாக இங்கிலீஷ் பாட்டுக்கு அலைந்த வருடத்தில் வந்த பாட்டு, முருகன்குறிச்சிக்கு வராமலே போயிருக்கிறது. இருபது வயதுப் பெண் என் காலத்தை எனக்கே கொண்டுவந்து காட்டுகிறாள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும்.

அவளுக்குப் பதில் மரியாதையாக ‘கேர்லெஸ் விஸ்பர்’ போட்டேன். அண்ணாச்சி கேசட்டில் அது பி பக்கத்தின் கடைசிப் பாட்டு. நாடா மிச்சம் இருந்தால் வீணாக்க மனசு வராமல், இடம் இருக்கிறவரை ஒரு பாட்டை நுழைத்துவிடுவார். அதனால் ஜார்ஜ் மைக்கேல் உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொல்லின் நடுவில் ‘டக்’ என்று பட்டன் எகிறும். பாட்டே அவ்வளவுதான் என்று பத்து வருடம் நினைத்திருந்தேன். இப்போது யூடியூபில் அது அந்த இடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பிறகு வருவது எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத பாட்டு. அந்தச் சொல் வந்ததும், கேசட்டைத் திருப்பிப் போட, இன்றைக்கும் என் கை எழுகிறது.

“என்னப்பா?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்ல. ஓடட்டும்.”