மாலத்தீவில் எத்தனை ஆத்துமா?

மாலத்தீவில் டீச்சராக இருந்து வந்தவள் என்று தெரிந்துவிட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டே கேள்விதான். முதல் கேள்வி சம்பளம். இரண்டாவதைச் சபைக்காரர்கள் மட்டும், அதுவும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "டீச்சர், அங்க ஒரு ஆத்துமாவையாவது ஆண்டவர்ட்ட கொண்டு வந்தீங்களா?"

சம்பளக் கேள்விக்குச் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்று வங்கிப் பலகை சொல்லும். அந்த விலைக்குக் கேட்டுப் போனால் டாலர் இல்லை என்பார்கள், வெளியே வாங்கினால் கையைக் கடிக்கும், கடைசியில் ஊருக்கு வந்து சேர்கிற தொகை வேறு. இரண்டாவது கேள்விக்கு ஒரே வார்த்தை. இல்லை.

கேட்டவர் முகம் வாடிவிடும். "சட்டம் அப்படி, நீங்க என்ன செய்வீங்க பாவம்" என்று அவரே எனக்காகச் சமாதானமும் சொல்லிக்கொள்வார். அங்கே மதம் பரப்புவதைச் சட்டம் தடுக்காவிட்டாலும் செய்திருக்க மாட்டேன் என்று நான் வாயைத் திறந்தால்தான் வம்பு. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அப்படிச் சொல்லப்போய், பாயசம் வரும்வரை வாக்குவாதம். அங்கே முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1960-களில் மாலத்தீவுப் பள்ளிகளில் ஆங்கில வழிக் கல்வி வந்தது. அந்த நாட்டு மொழியான திவேஹிப் பாடமும் இஸ்லாம் பாடமும் திவேஹியில் நடக்கும். கணக்கு, அறிவியல், வணிகவியல் எல்லாம் ஆங்கிலம். பத்தாம் வகுப்பு முடிவில், என் காலத்தில், கேம்பிரிட்ஜ் ஓ லெவல் பரீட்சை. ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளில் ஜனங்கள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவான தீவுகளில்தான் என்றாலும், அத்தனைக்கும் பள்ளி வேண்டும், பள்ளிக்குக் கணக்கு வாத்தியார் வேண்டும். உள்ளூரில் ஆள் போதவில்லை. ஆரம்பத்தில் இலங்கையிலிருந்து போனார்கள், பிறகு கேரளா, கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி என்று நாங்கள். எங்கள் பக்கத்துக்கு அது அந்நிய இடமும் இல்லை. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு தோணி தலைநகர் மாலேவுக்குப் போவது பல தலைமுறைக் கதை. அங்கிருந்து வருகிற மாசிக் கருவாட்டின் வாசம் எங்கள் கடைத்தெருவுக்கு நன்றாகவே தெரியும்.

2010-ஐ ஒட்டிய வருஷங்களில் நான் வடக்கே ஒரு சின்னத் தீவில் இருந்தேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தால் மாலை நடைக்கே போதாது. அங்கே என்னை முதலில் சிரிக்க வைத்தது பிள்ளைகளின் நோட்டு. கணக்கு நோட்டு இடமிருந்து வலம், திவேஹி நோட்டு வலமிருந்து இடம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் திவேஹி பீரியட் முடிந்த வேகத்தில் கணக்கு நோட்டையும் பின் அட்டையிலிருந்து தொடங்கிவிடுவார்கள். திவேஹியை எழுதுகிற தானா எழுத்துகளில் முதல் ஒன்பதும் அரபு எண்களிலிருந்து உருவானவை என்று திவேஹி ஆசிரியை எனக்குச் சொல்லித் தந்தார். எண்ணையே எழுத்தாக்கிக்கொண்ட ஜனம்! கணக்கு டீச்சருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எங்கே கிடைக்கும்?

இனி சட்டத்துக்கு வருகிறேன். பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. அது மோசமான சட்டம். முஸ்லிம் அல்லாதவர் அந்த நாட்டுக் குடிமகனாக முடியாது என்று 2008 அரசியலமைப்பு சொல்கிறது. 1994-ல் வந்த மத ஒற்றுமைச் சட்டம் வேறு இருக்கிறது. வேறு மதத்தவர் வெளிப்படையாகக் கூடி வழிபடக் கூடாது. சிவில், அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் 2006-ல் சேர்ந்தபோதும், மத சுதந்திரம் பற்றிய 18-வது பிரிவுக்கு மட்டும் 'எங்கள் அரசியலமைப்புக்கு உட்பட்டுத்தான்' என்று ஒரு கொக்கி போட்டுத்தான் சேர்ந்தார்கள். 2011-ல் கேரளத்துக் கத்தோலிக்க ஆசிரியர் ஒருவர் பைபிளும் ஜெபமாலையும் வைத்திருந்தார் என்று கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அதற்கு முந்தின வருஷம் இன்னொரு தீவில், பாடத்துக்காகப் போர்டில் திசைகாட்டி வரைந்த ஆசிரியை ஒருவர் சிலுவை போட்டுவிட்டார் என்று ஊர் திரண்டது. அவரை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. மீன்பிடிக்கிற ஊரில் திசைகாட்டிக்கு வந்த கதியைப் பாருங்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஸ்டாஃப் ரூமில், "மிஸ், எக்ஸ் ஒய் அச்சு போடும்போது நாலு முனையிலயும் அம்புக்குறி மறக்காம போடுங்க" என்று உள்ளூர் ஆசிரியர்களே கிண்டலடித்தார்கள். சிரித்தோம். அம்புக்குறியும் போட்டேன்.

வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை முதல் பீரியடே எனக்குப் பத்தாம் வகுப்பு. ஊரில் சர்ச்சில் முதல் மணி அடிக்கிற நேரத்தில் நான் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருப்பேன். பெரிய வெள்ளி மட்டும் எப்போதும் லீவு நாளில் வரும், ஆனால் ஊரே ஜும்மாவுக்குப் போயிருக்கும். ஈஸ்டர் அன்று வேலை நாள். ஜெபமெல்லாம் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. அப்படித்தான் ஜெபிக்க வேண்டும் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறதே என்று நாகர்கோவில்காரத் தங்கச்சி ஒருத்தி சொல்லுவாள்.

காலை அசெம்பிளியில் குர்ஆன் ஓதுவார்கள், பிறகு தேசிய கீதம். எல்லோரும் நிற்பார்கள், நானும் நின்றேன். நின்றதோடு சரி, நீயும் சொல்லு என்று யாரும் என்னைப் பார்க்கவில்லை. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வருவேன்.

பிள்ளைகளுக்கு என் மதம் தெரியும். ஒளிக்க முடியாது, பெயரே சொல்லிவிடும். "மிஸ், நீங்க ஏன் நோன்பு பிடிக்கறதில்ல?", "மிஸ், நீங்க பன்றி சாப்பிடுவீங்களா?" என்று கூசாமல் கேட்பார்கள். கேட்பதில் விஷம் இருக்காது. எங்கள் தெருப் பிள்ளைகள் வடநாட்டுக்காரரிடம் சப்பாத்தி பற்றிக் கேட்கிற மாதிரிதான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். அல்ஜீப்ரா வராது. மைனஸுக்கு வெளியே அடைப்புக்குறியைப் பிரித்தால் உள்ளே குறி மாறும் என்பதை எத்தனை தரம் சொன்னாலும் இரண்டாவது உறுப்பில் கோட்டைவிடுவாள். சாயங்காலம் தனியாக உட்கார்த்திச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு நாள் கணக்கெல்லாம் முடிந்து பென்சில் பாக்ஸை மூடியவள் போகாமல் நின்றாள். பையிலிருந்து, பிரவுன் தாள் அட்டை போட்ட ஒல்லியான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து என் பக்கம் தள்ளினாள். இஸ்லாம் பற்றிய அறிமுக நூல். "ப்ளீஸ் மிஸ், படிங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. இந்த நம்பிக்கைக்கு வெளியே இருப்பவர்கள் சாவுக்குப் பிறகு எங்கே போவார்கள் என்று வகுப்பில் படித்திருக்கிறாள். அந்தப் பட்டியலில் மிஸ்ஸும் இருப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். படித்தும் பார்த்தேன். நம் சபைக்காரர்கள் தெருவில் கொடுக்கிற கைப்பிரதிகளின் அதே அமைப்பு. முதல் பக்கத்தில் சூரியன், சந்திரன், படைப்பின் அதிசயம். கடைசிப் பக்கத்தில் நரகம். அட்டைப்படத்தை மாற்றினால் எங்கள் கன்வென்ஷன் பந்தல் வாசலிலேயே கொடுக்கலாம்!

எனக்குக் கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. கோடை விடுமுறையில் வி.பி.எஸ். என்கிற வேதாகமப் பள்ளி முடிகிறபோது "உன் சிநேகிதனையும் இயேசுவண்டை கூட்டிக்கிட்டு வா" என்று நாங்கள் அனுப்பிவைக்கிற பிள்ளைகள் எப்படியோ, அப்படித்தான் இவளும். பிரியத்தில் வந்தவள். என்னை நரகத்திலிருந்து காப்பாற்ற ஒரு பிள்ளை அழுதது என்பதை நான் கௌரவமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவளுக்கு நான் ஒரு சுவிசேஷப் புத்தகம் கொடுத்திருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? அவள் கையில் என் மார்க் இல்லை. என் கையில் அவள் மார்க் இருந்தது. அவள் கொடுத்ததை நான் மேஜை டிராயரில் போட்டு மூடிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். நான் கொடுத்ததை அவள் எங்கே வைப்பாள்? வாப்பாவிடம் காட்டினாலும் ஆபத்து, மறைத்தாலும் ஆபத்து. எனக்கு அதிகபட்சம் விமான டிக்கெட், அவளுக்கு அங்கேயே வாழ்ந்தாக வேண்டும். பிள்ளையின் பிரியத்தையும் பயத்தையும் கையில் வைத்திருக்கிற ஒருவர் மதம் பேசினால் அதற்குப் பெயர் சாட்சி இல்லை என்பது என் கட்சி. இது மாலத்தீவுக்கு மட்டும் என்று நான் சொல்லவில்லை.

பந்தியில் ஒரு அண்ணன் மாற்கு பத்தாம் அதிகாரத்தைக் காட்டினார், சிறு பிள்ளைகளைத் தடை பண்ணக் கூடாதென்று. அண்ணே, அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். அந்தப் பிள்ளைகளை யாரோ பெரியவர்கள் அவரிடம் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போன வாத்தியார் யாரும் அங்கே இல்லை.

நடுவில் ஒன்று. 2011 கைதுச் செய்தியை 'பார்த்தீர்களா இவர்கள் லட்சணத்தை' என்று இன்னமும் வாட்ஸாப்பில் சுற்ற விடுகிறார்கள். எனக்கே அது பல தடவை வந்துவிட்டது. அனுப்புகிறவர்களில் பாதிப் பேர், இங்கே ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தால் வாசலில் ஆள் திரட்டுகிற கூட்டத்துக்கு ஆதரவாகவும் பதிவு போடுகிறவர்கள். அவர்களுடைய கோபத்துக்கு என் அனுபவத்தைச் சாட்சியாக இழுக்க வேண்டாம். எனக்கு டெங்கு வந்து படுத்தபோது சோறும் கருதியா என்கிற மீன் ரசமுமாக வேளை தவறாமல் கொண்டு வந்தது ஒரு மாணவனின் உம்மா. சட்டத்தை எழுதியது அந்த அம்மா இல்லை.

இப்போது அசெம்பிளிக்குத் திரும்புகிறேன்.

நான் மிஷன் பள்ளியில் படித்தவள். என் பாட்டிக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்ததும் மிஷன் பள்ளிதான். 1876-ல் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்கு வந்த மிஷனரி மர்காஷிஸ் ஐயர் பள்ளிக்கூடமும் தொழிற்பள்ளியும் வளர்க்காமல் இருந்திருந்தால் எங்கள் குடும்பத்தில் யார் கடல் தாண்டிக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போயிருப்பார்கள்? அந்த நன்றியோடுதான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த பல மிஷன் பள்ளிகளில் இன்றைக்கும் காலை ஜெபத்தில் எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூட வேண்டும், பரமண்டல ஜெபத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இந்துப் பிள்ளையும் சொல்லும், முஸ்லிம் பிள்ளையும் சொல்லும். மாலத்தீவில் அந்நியக்காரியான என்னை நின்றால் போதும் என்று விட்டார்கள். நாம் நம் ஊர்ப் பிள்ளையை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறோம்.

அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்தப் பள்ளியிலும், சம்மதம் இல்லாமல் யாரையும் மத வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது, சிறு பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 28(3) சொல்கிறது. பள்ளி நடத்தச் சிறுபான்மையினருக்கு உரிமை தருகிற 30-வது பிரிவை எல்லாத் தாளாளர்களும் தலைகீழாகச் சொல்வார்கள். 28(3)-ஐ ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில், "யாருமே ஆட்சேபிக்கலையே டீச்சர், சந்தோஷமாத்தானே சொல்றாங்க?" நானும் அங்கே எதையும் ஆட்சேபிக்கவில்லை. ஞாயிறு வகுப்பு வேண்டாம் என்று கேட்டதில்லை, ஈஸ்டருக்கு லீவு கேட்டதில்லை, முகம் சுளித்ததுகூட இல்லை. ஒப்பந்தத்தை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், ஊரில் வீட்டுக் கடன் இருந்தது. என்னைப் பார்த்த தலைமையாசிரியரும் 'இந்திய மிஸ்ஸுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை' என்றுதான் நினைத்திருப்பார். நல்ல பள்ளியில் சீட்டு கிடைத்த ஒரு ஏழை வீட்டுப் பிள்ளையின் அப்பா காலை ஜெபத்தைப் பற்றிப் புகார் சொல்லி வருவார் என்று எதிர்பார்க்கிறவர்கள், ஒருநாளும் அந்தப் பக்கம் நின்று பார்க்காதவர்கள்.

ஜெபத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அது நம் பள்ளி, ஜெபம் இருக்கட்டும். ஓய்வுநாள் பள்ளிக்கு நம் பிள்ளைகள் வரட்டும், வேதபாட வகுப்புக்கு விரும்பியவர்கள் வரட்டும். மற்ற பிள்ளை சும்மா நிற்கலாம் என்கிற ஒரு வரியை வீட்டுக்கு எழுதித் தெரிவிப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

எங்கள் ஊர்ப் பள்ளித் தாளாளரிடம் போய்ச் சொன்னேன். அட்மிஷன் ஃபாரத்தில் வேன் வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. காலை ஜெபத்தில் சேர்ந்து சொல்லச் சம்மதமா என்று இன்னொரு கட்டம் போடுங்கள் ஐயா என்றேன். "புதுசா ஏதும் கிளப்பாதீங்க டீச்சர்" என்று முதலில் சிரித்தார். நான் எழுந்திருக்கவில்லை என்றதும், கமிட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்றார். புது ஃபாரம் அச்சுக்குப் போவதற்குள் கமிட்டி கூட வேண்டும். அதில் இருக்கிற இரண்டு பேர் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறார்கள், இந்தப் பதிவை அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் பொதுவில் வைத்திருக்கிறேன்.